குறட்டைக்காரர் விமானம் ஏறுகிறார்!

நள்ளிரவு. ஊர் அடங்கிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் குறட்டைச் சத்தம் கேட்கிறது. சுவர் அதிரும் குறட்டை!

திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. "அப்பாடா!" என்று மனைவி திரும்பிப் படுக்கிறார்.

ஆனால், அது நிம்மதி அடைய வேண்டிய நேரம் அல்ல. நின்றது குறட்டை மட்டும் அல்ல. கணவரின் மூச்சும் நின்றுவிட்டது!

பத்து விநாடி ஆகிறது. இருபது விநாடி ஆகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. ஆனால் காற்று உள்ளே போகவில்லை. பிறகு, "கர்...!" என்று ஒரு பெரிய சத்தம். உடம்பு ஒரு முறை தூக்கிப் போடுகிறது. மூச்சு மறுபடியும் ஓடத் தொடங்குகிறது.

காலையில் எழுந்ததும் அவருக்கு இது எதுவும் நினைவு இருக்காது. "நன்றாகத் தூங்கினேன். ஆனாலும் அசதியாக இருக்கிறது" என்பார்.

இந்த நோய்க்கு "ஸ்லீப் ஆப்னியா" என்று பெயர். தூக்கத்தில் வரும் மூச்சுத் தடை என்று சொல்லலாம்.

தொண்டை மூடிக்கொள்கிறது

இது எப்படி ஏற்படுகிறது?

நாம் தூங்கும்போது உடம்பில் உள்ள தசைகள் தளர்ந்து விடுகின்றன. தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. சிலருக்கு அவை மிகவும் தளர்ந்து, காற்று போகும் வழியையே அடைத்துவிடுகின்றன.

காற்று போகாததால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பயந்துபோய் ஆளை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. தொண்டை திறந்துகொள்கிறது. ஆள் மறுபடியும் தூங்குகிறார். தொண்டை மறுபடியும் அடைக்கிறது. இரவு முழுவதும் இதே கதைதான்.

ஒரு மணி நேரத்தில் 30 முறை அல்லது அதற்கு மேல் இப்படி நடந்தால், நோய் கடுமையாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 30 முறை என்றால், 2 நிமிடத்துக்கு ஒரு தடவை!

இதனால் பகலில் தூக்கம் தூக்கமாக வரும். ரத்த அழுத்தம் கூடும். கார் ஓட்டும்போது கண் அசந்து விபத்தும் நேரலாம்.

தூசி உறிஞ்சும் எந்திரம் தந்த யோசனை

முன்பு இந்த நோய் முற்றிவிட்டால், கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடச் செய்வார்கள். வேறு நல்ல வழி இல்லை.

1980-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகரத்தில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் ஒரு புது வழி கண்டார். வீடு பெருக்கும் தூசி உறிஞ்சி எந்திரம் இருக்கிறது அல்லவா? அது காற்றை உள்ளே இழுக்கும். அதன் மோட்டாரைக் கொண்டு காற்றை வெளியே ஊதச் செய்தார். அந்தக் காற்றை ஒரு குழாய் வழியாக நோயாளியின் மூக்குக்குள் செலுத்தினார்.

காற்று உள்ளே இருந்து தள்ளியது. தொண்டை அடைபடவில்லை. நோயாளி தடங்கல் இல்லாமல் தூங்கினார்!

ஐந்து நோயாளிகளுக்கு இப்படிச் சிகிச்சை செய்த விவரம் 1981-ல் "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

அதில் இருந்து பிறந்ததுதான் இன்றைய "சி-பேப்" எந்திரம். ஒரு சிறிய பெட்டி. அதில் இருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் மூக்கை மூடும் ஒரு மாஸ்க். இவ்வளவுதான்.

பலர் இதை ஆக்சிஜன் எந்திரம் என்று நினைக்கிறார்கள். அது தவறு. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றைத்தான் இது ஊதுகிறது. தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்வதே இதன் வேலை.

"மூன்று மாதம்தானே!"

இப்போது ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சென்னையில் இருக்கிறார். மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பேரன் பிறந்து நாலு வயது ஆகிறது. பெரியவரும் அவருடைய மனைவியும் பேரனைப் பார்க்கப் புறப்படுகிறார்கள்.

பெட்டி நிறையப் பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாம் ஏறிவிட்டன. மூச்சு எந்திரம் மட்டும் கட்டில் ஓரத்தில் இருக்கிறது.

"மூன்று மாதம்தானே! அது எதற்கு? விமானத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்?" என்கிறார் பெரியவர்.

"என்னங்க, நீங்க தூங்கிடுவீங்க. மூச்சு நிக்கிறதைப் பார்த்துக்கிட்டு முழிச்சிருக்கிறது நான்தானே!" என்கிறார் அந்த அம்மாள்.

அம்மாள் சொல்வதுதான் சரி. இந்த எந்திரம் நோயைக் குணப்படுத்திவிடுவது இல்லை. போட்டுக்கொண்டு தூங்கினால் மூச்சு ஓடும். போடாமல் தூங்கினால் பழைய தொல்லை திரும்பி வந்துவிடும். "மூன்று மாதம்தானே" என்பது, மூன்று மாதம் மூச்சுத் திணறுவதற்குச் சம்மதிப்பது போன்றது!

பெரிய பெட்டியில் வைக்காதீர்கள்!

சரி, எந்திரம் புறப்பட்டுவிட்டது. அதை எதில் வைப்பது?

விமான நிலையத்தில் எடை போட்டு அனுப்பும் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. அந்தப் பெட்டி சில சமயம் வழி தவறி வேறு ஊருக்குப் போய்விடும். சில நாள் கழித்து வரும். முறுக்கு இல்லாமல் நாலு நாள் இருக்கலாம். மூச்சு இல்லாமல் இருக்க முடியுமா?

எந்திரம், மாஸ்க், குழாய், மின்சார வயர் எல்லாவற்றையும் ஒரே கைப்பையில் வைத்து, கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

"கைப்பை ஒன்றுதானே கொண்டு போகலாம்?" என்று கேட்கலாம். அமெரிக்காவுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற விமானங்களில் இந்த எந்திரம் கைப்பைக் கணக்கில் சேராது. இது அமெரிக்க அரசாங்கத்தின் விதி. வேறு நாடுகளுக்குப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நோயின் பெயர், எந்திரத்தின் பெயர், காற்று அழுத்தத்தின் அளவு ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். எந்திரம் கெட்டுப்போனாலும், அந்தக் கடிதத்தைக் காட்டினால் வெளியூர் டாக்டருக்கு விவரம் புரியும்.

எந்திரத்தில் சிறு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதைக் காலி செய்து, துடைத்து, காய வைத்த பிறகே பையில் வைக்க வேண்டும். தண்ணீர் சிந்தி உள்ளே போனால் மோட்டார் கெட்டுவிடும்.

சோதனையில் கூச்சம் வேண்டாம்

விமான நிலையத்தில் பைகளைச் சோதனை செய்வார்கள். "இது என்ன எந்திரம்?" என்று கேட்பார்கள். பயப்படத் தேவை இல்லை. "தூக்கத்தில் மூச்சு விடுவதற்கு" என்று சொன்னால் போதும். அவர்களுக்கு இது புதிது அல்ல.

எந்திரத்தைப் பையில் இருந்து எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லலாம். அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்கள். மாஸ்க்கும் குழாயும் பையிலேயே இருக்கலாம்.

பலர் செருப்பு வைத்த தட்டில் எந்திரத்தை வைக்க மனம் கூசும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சுத்தமான, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டு போங்கள். எந்திரத்தை அதில் போட்டுத் தட்டில் வைக்கலாம்.

ஆகாயத்தில் ஊட்டி!

விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. அங்கே காற்று மிகக் குறைவு. ஆகவே விமானத்துக்குள் காற்றை அடைத்து வைக்கிறார்கள். ஆனாலும் தரையில் இருப்பது போல அது இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போல இருக்கும். ஊட்டி ஏறக்குறைய 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போகிறவர் ஊட்டியில் உட்கார்ந்து மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

8,000 அடி உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சாதாரண ஆளுக்கு இதனால் தொல்லை இல்லை. ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறவருக்கு, ஏற்கெனவே குறைந்த ஆக்சிஜன் மேலும் குறைந்து போகும்.

ஆகவே நீண்ட பயணத்தில் தூங்குவது என்றால், எந்திரத்தைப் போட்டுக்கொண்டு தூங்குவதே நல்லது.

மது குடிக்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் போடக் கூடாது. இரண்டும் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்திவிடும். நுரையீரல் நோயோ இதய நோயோ சேர்ந்து இருப்பவர்கள், பயணத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் எங்கே?

எந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். சில விமானங்களில் சீட்டுக்கு அடியில் பிளக் இருக்கும். சிலவற்றில் இருக்காது. இருந்தாலும் நடுவில் நின்றுவிடலாம். அதை நம்பிப் போகக் கூடாது. பாட்டரி கொண்டு போக வேண்டும்.

பாட்டரியின் சக்தியை "வாட்-மணி" என்ற கணக்கில் சொல்வார்கள். பாட்டரியின் மேல் அது எழுதி இருக்கும். 100 வாட்-மணி வரை தாராளமாகக் கொண்டு போகலாம். 100-க்கு மேல் 160 வரை என்றால், விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அதிலும் உபரி பாட்டரி இரண்டுக்கு மேல் கூடாது.

உபரி பாட்டரியைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பக் கூடாது. சூடேறித் தீப்பிடித்தால், சாமான் அறையில் அதைப் பார்த்து அணைக்க ஆள் இல்லை. ஆகவே கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

ஒரு பாட்டரி எவ்வளவு நேரம் வரும்? எந்திரம் 12 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 96 வாட்-மணி பாட்டரியை 12-ஆல் வகுத்தால் 8. ஆக, 8 மணி நேரம் ஓடும்! தண்ணீரைச் சுடவைக்கும் பகுதியையும் போட்டால் பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். விமானத்தில் அது வேண்டாம்.

அமெரிக்க விமான விதியில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. எந்திரத்தை விமானத்தின் மின்சாரத்தில் ஓட்ட வேண்டும் என்றால், 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லும்படி கம்பெனி கேட்கலாம். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரத்துக்குப் பாட்டரி கொண்டு வரும்படியும் கேட்கலாம். 14 மணி நேரப் பயணம் என்றால், 21 மணி நேரத்துக்குப் பாட்டரி!

எந்திரத்தின் அடியில், விமானத்தில் உபயோகிக்கலாம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டச் சொல்வது உண்டு.

போய் இறங்கியதும்

இந்தியாவில் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். எந்திரம் எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான எந்திரங்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். எந்திரத்தோடு வரும் மின்சாரப் பெட்டியில் அது எழுதி இருக்கும். பிளக்கின் முனை மட்டும் மாறும். அதற்குரிய சிறு பிளக்கை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை அங்கே போய் வாங்கலாம். இங்கிருந்து சுமக்க வேண்டாம்.

இனி, பெரியவரிடம் வருவோம்.

விமானத்தில் விளக்கை அணைத்ததும் அவர் தயங்கித் தயங்கி மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொள்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுகிறார். அவ்வளவுதான். பெரியவர் பயந்த விஷயம் அத்தோடு முடிந்தது!

மகன் வீட்டில் முதல் இரவு. மாஸ்க் போட்ட தாத்தாவைப் பேரன் வியப்போடு பார்க்கிறான்.

"தாத்தா, நீங்கதான் பிளேன் ஓட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்கிறான்.

வீடே சிரிக்கிறது. பெரியவரும் சிரிக்கிறார்.

சிறிது நேரத்தில் அவர் தூங்கிவிடுகிறார். குறட்டைச் சத்தம் இல்லை. அம்மாள் பழக்கத்தால் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்கிறார். சீராக மூச்சு ஓடும் சத்தம் கேட்கிறது.

"அப்பாடா!" என்று திரும்பிப் படுக்கிறார். இப்போது அப்படிச் சொல்லலாம்!