மாணவர் பூசலும் நடுநிலையாளர் பணியும்

கல்லூரியொன்றின் பெருமையை அளக்க முற்படுவோர் பரீட்சைப் பெறுபேறுகளையும் விளையாட்டுக் கேடயங்களையும் எண்ணுவது வழக்கம். அங்கே மூளாமற் போன சண்டைகளை எண்ணுவார் இல்லை. சபரகமுவையில் வாழும் நாமோ அக்கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அம்பாறையில் நடைபெற்ற பாடசாலை விளையாட்டுப் போட்டியொன்றையொட்டி மாணவரிடையே கைகலப்பு மூண்டது. அதனைத் தொடர்ந்து பரவிய வன்செயல் சில நாட்களுள் இரத்தினபுரித் தோட்டங்களையும் வந்தெட்டியது. லயங்களை இழந்த குடும்பங்கள் காடுகளில் ஒளிந்தன. இனப்பகை என்னும் உலர்ந்த விறகு முன்னரே அடுக்கப்பட்டிருந்தது என்பது மெய்யே. எனினும் பொறி வீழ்ந்த இடம் இளைஞர் கூடிய மைதானம்.

பெல்மதுளையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை எம்பிலிப்பிட்டியை அடைகின்றது. அவ்வூர்ப் பாடசாலையொன்றில், காதற் கடிதம் பற்றிய மாணவர் பூசலொன்று எழுந்தது. அதில் ஒரு பக்கத்தில் நின்றவன் அதிபரின் மகன். கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய கொடுமையும் நாட்டை உலுக்கிய 1989-90 காலம் அது. அப்பகுதி மாணவர் பலர் படையினராற் பிடித்துச் செல்லப்பட்டனர், அவர்கள் மீளவேயில்லை. 1999 இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் அதிபருக்கும் படையினர் சிலருக்கும் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அங்கே பிள்ளைகளை இழந்தோர் சிங்களப் பெற்றோர். ஆகவே இத்துயர் ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது யாது? இளைஞர் பூசல் தோன்றும்போது மிகச் சிறியது. வெளியே காத்திருக்கும் பெரும்பகை அதனைப் பற்றிக்கொண்ட பின்னரே அது அடக்கவியலாததாகின்றது. இடைப்பட்ட அச்சிறு பொழுதில், இரு சாராரும் நம்பத்தக்க நடுநிலையாளர் ஒருவர் வேண்டும். சண்டை மூண்ட பின் அவரைத் தேடுதல் வீண். முன்னதாகவே தெரிந்தெடுத்துப் பயிற்றி வைத்தல் வேண்டும்.

இத்தகைய பயிற்சி புதியதன்று. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1976 இல் அயலவர் பிணக்குகளைத் தீர்க்கத் தொடங்கிய முயற்சியொன்று, பின்னர் பாடசாலைகளுக்கும் விரிந்தது. அதன் முறை எளிது. பிணங்கியோர் இருவரும் தனியிடத்தில் அமர்வர். ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடலாகாது, வசைமொழி கூடாது. பயிற்சி பெற்ற மாணவர் இருவர் கேட்டிருந்து, கேட்டதைத் தம் வாயாற் சுருக்கிக் கூறுவர். தான் சொன்னது பிறர் செவியில் ஏறியது என்பதை உணர்ந்தவுடன் பாதிக் கோபம் தணிகின்றது. அதன்பின் இனி வேண்டுவது யாதெனக் கேட்டு, இருவரும் ஒப்பியதை எழுதிக் கையொப்பம் பெறுவர். சில நாட்களின் பின் அது நிறைவேறியதா என்று விசாரிப்பர். எவரையும் குற்றவாளியெனத் தீர்த்தல் அவர் பணியன்று.

எனினும் எல்லையை மறத்தலாகாது. ஆயுதம் எடுத்தல், காயப்படுத்தல், பாலியற் கொடுமை ஆகியவற்றை மாணவர் கையில் விடுதல் தகாது. பகிடிவதையைத் தடுக்க 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. எளியோனை வாய்மூடச் செய்து வலியோனைக் காப்பது சமாதானமன்று. அதிபரோ ஆசிரியரோ ஒரு சாராராக இருப்பின், வெளியிலிருந்தே நடுவர் வரவேண்டும். எம்பிலிப்பிட்டி நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.

நம் நாட்டிலும் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. வழக்கறிஞர் வாதமின்றி, பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை மண்டபம் போன்ற பொதுவிடங்களிற் கூடி, அயலவர் பிணக்குகளைத் தீர்த்து வைக்கின்றன. பெரியோர் கூடும் அதே மண்டபத்தில் இளையோரும் இக்கலையைப் பயிலலாமன்றோ?

பாடசாலை மணியோடு பூசல் ஓய்வதில்லை. பேருந்து நிலையத்திலும், ஞாயிறு கிரிக்கெட்டிலும், காவடித் திருவிழாவிலும், கசிப்பு விற்கும் மூலையிலும் அது தொடர்கின்றது. ஆதலின் தோட்டத் தலைவர், கோயிற் சபையார், அயற்கிராமத்து விகாராதிபதி ஆகியோர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கேனும் பழகியிருத்தல் அவசியம். தமிழ் மாணவருக்குச் சிங்களமும் சிங்கள மாணவருக்குத் தமிழும் பாடமாக உள்ளன. அவற்றைப் புள்ளி பெறுவதற்கு மட்டுமன்றிப் பேசுவதற்காகவும் கற்பிப்போமாயின், வதந்தி பிறந்த அன்றே அதன் மெய்பொய்யை நேரிற் கேட்டறிய முடியும்.

பழைய மாணவராகிய நாம் கட்டடங்களுக்கும் பரிசில்களுக்கும் பொருள் உதவி வந்திருக்கின்றோம்; அது நற்பணியே. இவ்விழாவாண்டில் ஆண்டுதோறும் சில மாணவருக்கும் ஆசிரியருக்கும் இப்பயிற்சி கிடைக்க வழிசெய்தலையும், அயலிலுள்ள சிங்களப் பாடசாலையின் பழைய மாணவரை அதில் நம்மோடு சேர அழைத்தலையும் நம் கடமையாகக் கொள்வோமாக. இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வார இறுதியில் சில மணி நேரமும், கேட்கும் பொறுமையும் போதும்.