கரை ஏன் குறைகிறது? நெம்மேலியில் ஓர் அறிவியல் பயிற்சி

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கிறது நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் மீனவர் குப்பமும் இங்கே அருகருகே உள்ளன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013-லும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024-லும் திறக்கப்பட்டன. முதல் ஆலைக்காகக் கரையோரம் நடந்த கட்டுமானத்தால் தங்கள் கரையைக் கடல் தின்கிறது என்று குப்பத்து மக்கள் அப்போதே முறையிட்டார்கள்.

கரை ஏன் குறைகிறது என்று கேட்டால், கல்லூரி மாணவர்கள் பலர் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு: புவி சூடாகிறது, கடல் மட்டம் உயர்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் இந்தக் கரை குறைவதற்கு அதுதான் காரணமா? உலகச் சூழல் மாற்றத்தைப் படிக்க வரும் மாணவர் முதலில் பழக வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் 2021 அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 2006-க்குப் பிந்தைய வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. மட்டம் உயரும் அளவைப்போல் 50 முதல் 100 மடங்கு மணற்கரை பின்வாங்கும் என்பது தோராயமான விதி. அதன்படி ஆண்டுக்கு 20 முதல் 40 செ.மீ. கரை போகலாம். ஒரே பருவத்தில் பல மீட்டர் போனால், வேறு காரணத்தையும் தேடியாக வேண்டும்.

மணல் போகும் வழி

நம் கரையில் மணல் ஓயாமல் நகர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். இந்த ஓட்டத்தின் குறுக்கே கற்சுவர் போன்ற கட்டுமானம் வந்தால் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் கரையை இழந்ததும் இப்படித்தான்.

ஆக, ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு தடயம் உண்டு. கடல் மட்டம் காரணமென்றால் சுவரின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைய வேண்டும். சுவர் காரணமென்றால் ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் தேய வேண்டும். பருவம் காரணமென்றால் போன மணல் சில மாதங்களில் திரும்ப வேண்டும்.

இரண்டு கம்பு, ஒரு கயிறு

இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கே.ஓ. எமெரி என்ற கடலியலாளர் 1961-ல் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். செ.மீ. குறித்த, சம உயரமுள்ள இரண்டு கம்புகளை ஒரு கயிற்றால் இணைத்து, ஒன்றைக் கரைப் பக்கமும் மற்றதைக் கடல் பக்கமும் செங்குத்தாக நிறுத்த வேண்டும். கரைப் பக்கம் நிற்பவர், கடல் பக்கக் கம்பின் நுனியும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்படி கண்ணைத் தாழ்த்துவார். அந்தக் கோடு தன் கம்பில் நுனிக்குக் கீழே எத்தனை செ.மீ.யில் வெட்டுகிறதோ, அதுவே மணலின் இறக்கம். ஒவ்வொரு முறையும் கயிற்றின் நீளத்துக்கு நகர்ந்து அளந்தால் கரையின் முழு வடிவமும் தாளில் வந்துவிடும்.

தொடங்கும் இடம் மாறக் கூடாது. நீர் வற்றிய நேரத்தில், மாதந்தோறும், சுவருக்கு வடக்கிலும் தெற்கிலும், ஓராண்டு முழுக்க அளக்க வேண்டும். எந்த முடிவை எதிர்பார்க்கிறோம் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். முன்பு எதுவரை படகை ஏற்றினார்கள், எங்கே வலை உலர்த்தினார்கள் என்று குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டுக் குறிப்பதும் அந்த ஆய்வின் பகுதியே.

1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், தமிழகக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு உள்ளாவதாகக் கண்டது. ஓரிடத்தில் பல காரணங்கள் சேர்ந்தே இயங்கலாம். எது எவ்வளவு என்று பிரித்தறிவது அவசியம். தீர்வும் பொறுப்பும் அதைப் பொறுத்தவை. எல்லாவற்றையும் காலநிலை மீது போட்டால், உள்ளூரில் சரிசெய்யக்கூடிய தவறுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும். எல்லாவற்றையும் ஒரு சுவர் மீது போட்டால், உயர்ந்துவரும் கடலுக்கு நாம் ஆயத்தமாக மாட்டோம். இரண்டிலும் வீட்டை இழப்பது குப்பத்து மக்கள்தான்.