கோப்பு யார் பெயரில் இருக்கிறது?

அலுவலகத்தின் பொது ஃபோல்டரில் தமக்குரிய பகுதியைத் துடைத்துக் காலி செய்த பின்னும், ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை ஓயவில்லையே, சர்வர் பழுதாகிவிட்டதா என்று ஒரு வாசகர் வினவியிருக்கிறார். சர்வரின் மீது குற்றமில்லை. யூனிக்ஸ் வம்சத்துச் சர்வர்களில் கோட்டா என்னும் அளவுக் கட்டுப்பாடு பயனர் வாரியாக விதிக்கப்பட்டிருக்குமாயின், அது கோப்பு கிடக்கும் இடத்தைப் பாராமல் அதன் உடைமையாளரையே பார்க்கிறது; ஆதலால் சக ஊழியரின் ஃபோல்டரில் என்றோ நீங்கள் போட்டுவைத்த வீடியோ, அங்கிருந்தபடியே உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

1983-இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில் இடம்பெற்ற இவ்வேற்பாட்டை இயற்றியவர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ். மென்வரம்பு என்னும் முதல் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கையும், பொதுவாக 7 நாள் தவணையும் உண்டு. வன்வரம்பு என்னும் இறுதி எல்லையைத் தொட்டாலோ அக்கணமே கோப்பில் எழுதுவது நின்றுவிடும்.

இதில் எனக்கு மிகவும் ரசமாகப் படுவது வேறொன்று. சிஸ்டம் ஃபைவ் என்ற மற்றொரு யூனிக்ஸ் கிளையில், தன் கோப்பை எவரும் பிறர் பெயருக்கு மாற்றிவிடலாம். பெர்க்லிக் கிளையிலோ அவ்வதிகாரம் நிர்வாகிக்கு மட்டுமே உரியது. காரணம், நிலவரம்புச் சட்டத்துக்கு அஞ்சிய மிராசுதார்கள் நிலத்தைப் பினாமி பெயரில் எழுதிவைத்து அனுபவித்ததுபோல, பயனரும் தம் பெருங்கோப்புகளை அயலார் பெயரில் மாற்றிவைத்துக் கோட்டாவிலிருந்து தப்பிவிடக்கூடும் என்பதுதான். மனித சுபாவத்தை இத்தனை துல்லியமாக அறிந்து எழுதப்பட்ட விதி கணினி சாஸ்திரத்தில் அபூர்வம்.

விண்டோஸ் சர்வரில் ஃபோல்டர் வாரியாகவே அளவு விதிக்கும் வசதியும் உண்டு. அங்கே எவர் கோப்பாயினும் அந்த ஃபோல்டரின் கணக்கில்தான் சேரும். ஆகவே எம்முறை என்பதை முதலில் நிர்வாகியிடம் கேட்டறிந்து, பயனர் வாரி எனில், ஃபைண்ட் கட்டளையைக் கொண்டு உங்கள் பெயரிலுள்ள கோப்புகளைச் சர்வர் முழுவதும் தேடச் செய்யுங்கள். ஏதேனும் ஒரு நிரல் திறந்துவைத்திருக்கும் கோப்பை அழித்தாலும், அந்நிரல் அதை மூடும்வரை இடம் விடுபடாது என்பதையும் கருதுக.

இவ்வளவும் செய்யாமல், ஒரே அறிக்கையைப் 'புதியது', 'மிகப் புதியது', 'இறுதி' என்று பல பிரதிகளாக அடுக்கிவைத்துவிட்டு, கூடுதல் இடம் வேண்டுமென்று விண்ணப்பிப்போரிடம் எனக்கு அனுதாபமில்லை. பொது டிஸ்க்கில் நாம் வீணே நிரப்பும் இடம் பக்கத்து மேசைக்காரரின் வேலைக்கு உரியது. தயவுசெய்து இன்றே அப்பிரதிகளை அழித்துவிடுங்கள்.