தேக்காவுக்கு எத்தனை பைட்?

சிங்கப்பூரில், பெயர்ப்பலகையில் லிட்டில் இந்தியா என்றிருந்தாலும் நம்மவர் வாயில் அது தேக்காதான். அந்தச் சொல்லை 'எட்' என்னும் எடிட்டரில் தட்டிப் பாருங்கள். மேக் கணினியின் டெர்மினலில் இன்றும் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் 1969-இல் எழுதியது. நொடிக்குப் பத்தே எழுத்துகளைத் தாளில் அடித்த டெலிடைப் காலம் அது. அதனால் முழுப் பக்கத்தையும் காட்டாது, கேட்ட வரியை மட்டும் தரும். கட்டளைகள் ஒற்றை ஆங்கில எழுத்து. பிழை என்றால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

சிறிய 'ஏ' தட்டி என்டர் அழுத்தினால் எழுதத் தொடங்கலாம். 'தேக்கா' என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்தால் எழுத்து முடிந்தது. புதியவர்கள் திணறுவது இங்கேதான்: புள்ளியை மறந்தால், பின்னால் தரும் கட்டளைகளும் உரையாகவே சேர்ந்துகொண்டு போகும். பிறகு 'டபிள்யூ', ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். சேமித்துவிட்டு ஓர் எண்ணைக் காட்டும்: 19.

கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு த, ஏகாரக் குறி, க, புள்ளி, க, ஆகாரக் குறி என ஆறு. ஒவ்வொன்றும் மூன்று பைட். வரி முடிவுக்கு இன்னொன்று. இந்தக் கணக்கு, யுனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையுடையது. அதை 1992-இல் ராப் பைக்கோடு சேர்ந்து வகுத்தவரும் அதே தாம்சன்தான்!

யுனிகோட் பரவாத நாளில், இந்த ஊரில் இருந்தபடி தமிழைக் கணினியில் ஏற்ற மல்லுக்கட்டியவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 'கணியன்' மென்பொருள் அவருடையது. ஆளுக்கொரு குறியீடு இருந்தால் தமிழ் பிழைக்காது என்று கண்டு, 1997 மே மாதம் இங்கேயே தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தினார். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

இனி எடிட்டரில், எழுத்தை மாற்றும் 'எஸ்' கட்டளை. அதையடுத்து சாய்கோடுகளுக்கு நடுவே க, ச என்று கொடுத்தால் 'தேச்கா' வரும். முதல் க-வோடு நின்றுவிட்டது, புள்ளி அசையவில்லை. கடைசியில் 'ஜி' சேர்த்து மறுபடி கொடுத்தால் மிச்ச க-வும் மாறி 'தேச்சா'. க் என்பது கணினிக்குள் இரண்டு துண்டு என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

'கோ' இன்னும் சுவாரசியம். ஓகாரக் குறியை ஒரே துண்டாகவும் வைக்கலாம். ஏகாரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒரு விதத்தில் தட்டிய 'கோமள விலாஸ்' என்ற பெயரை மற்ற விதத்தில் தேடினால் கேள்விக்குறிதான் பதில். இரண்டு விதமாகவும் 'கோ' என்று மட்டும் தட்டித் தனித்தனியே சேமியுங்கள்: ஒன்றுக்கு 7 காட்டும், மற்றதற்கு 10.