குளம்பு நோயுற்ற குதிரை

களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளியாயினும் நுவரெலியாவின் மரக்கறித் தோட்டமாயினும், குதிரை வைத்திருக்கும் கமக்காரர் அஞ்ச வேண்டிய நோய் ‘லமினைட்டிஸ்’ எனும் குளம்பு அழற்சியாகும். நெல்லும் தவிடும் அளவின்றி ஊட்டினால், மாச்சத்துப் பெருங்குடலிற் புளித்து இந்நோயை விளைவிக்கும். அன்பினால் அள்ளி வைத்த தீனியே காலைக் கெடுக்கும்.

அறிகுறிகள்: குளம்பு சுடும். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, குதியிற் பாரம் வைத்து நிற்கும். உடனே தானியத்தை நிறுத்துக. குளம்புகளைக் குளிர்நீரில் அமிழ்த்தி, மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். குதிரையை நடத்தலாகாது.

பேணும் முறை: ஒருமுறை வந்த நோய் மீண்டும் வரக்கூடும். ஆகவே,

1. உலர்ந்த புல்லே முதன்மைத் தீனியாகட்டும். கோவா இலைக் கழிவு வயிற்றை ஊதச் செய்யும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாதாகையால் உயிருக்கே ஆபத்து.
2. 6 முதல் 8 வாரங்களுக்கொரு முறை குளம்பைச் செதுக்குவிக்க வேண்டும்.
3. கொட்டில் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் குளம்பின் அடி அழுகும்.

ஏறும் முறை: மிருக வைத்தியர் இசைந்த பின்னரே, மென்தரையில், மெதுநடையாகச் செலுத்துக. சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்திலொன்றை மிஞ்சலாகாது. 200 கிலோ மட்டக்குதிரை 40 கிலோவே சுமக்கும். மறுநாட் காலை குளம்பைத் தொட்டுப் பார்க்க. சூடு தோன்றின், அன்று சேணம் கொட்டிலிலேயே இருக்கட்டும்.