பங்குச் சந்தைக் குறியீடும் தனிநபர் முதலீட்டுத் தொகுப்பும்

பங்குச் சந்தைக் குறியீடு என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட சில நிறுவனங்களின் பங்கு விலைகளை ஒன்றுசேர்த்து, சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஒரே எண்ணால் காட்டும் அளவுகோல் ஆகும். இந்தியாவில் மும்பை பங்குச் சந்தையின் சென்செக்ஸ், தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 50 ஆகிய இரண்டும் பெரிதும் அறியப்பட்டவை. சென்செக்ஸ் 30 நிறுவனங்களைக் கொண்டது. 1978-79ஆம் ஆண்டின் மதிப்பை 100 என்று வைத்து, 1986 முதல் வெளியிடப்படுகிறது. நிஃப்டி 50 நிறுவனங்களைக் கொண்டது. 1995 நவம்பர் 3ஆம் நாள் மதிப்பை 1000 என்று கொண்டு கணக்கிடப்படுகிறது.

இந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் ஒருவரின் சேமிப்பு அதே அளவில் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை. அவர் எதை, எவ்வளவு வைத்திருக்கிறார், பணம் அவருக்கு எப்போது தேவை என்பவற்றைப் பொறுத்தே பாதிப்பு அமைகிறது.

புள்ளியும் விழுக்காடும்

செய்திகளில் குறியீட்டின் மாற்றம் பெரும்பாலும் புள்ளிகளில் சொல்லப்படுகிறது. 2020 மார்ச் 23 அன்று, கொரோனா அச்சத்தில், சென்செக்ஸ் ஏறத்தாழ 3,935 புள்ளிகள் சரிந்து 25,981இல் முடிந்தது. 2024 சூன் 4 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கையின்போது, ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்து 72,079இல் முடிந்தது. புள்ளிகளில் பார்த்தால் இரண்டாவதே பெரிய வீழ்ச்சி. விழுக்காட்டில் பார்த்தால் முதலாவது 13க்கு மேல், இரண்டாவது 6க்கும் குறைவு. குறியீடு உயர உயர, ஒரே விழுக்காட்டு மாற்றம் அதிகப் புள்ளிகளாகத் தெரியும். எனவே புள்ளிக் கணக்கை ஒதுக்கிவிட்டு விழுக்காட்டை மட்டும் கவனிப்பதே சரி. ஏழாம் வகுப்புக் கணக்குதான், ஆனாலும் தலைப்புச் செய்தி எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

குறியீட்டில் எல்லா நிறுவனங்களும் சமம் அல்ல

சென்செக்ஸ், நிஃப்டி இரண்டிலும், சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மொத்த மதிப்புக்கு ஏற்ப ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எடை தரப்படுகிறது. பெரிய நிறுவனம் அசைந்தால் குறியீடும் அசையும். 2024 சனவரி 17 அன்று எச்.டி.எஃப்.சி. வங்கியின் பங்கு 8 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. அந்த நாளில் நிஃப்டி 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இறங்கியதற்கு அதுவே முதன்மைக் காரணம். வங்கிப் பங்கு எதுவும் இல்லாத ஒருவரின் தொகுப்பு அன்று குறியீட்டின் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இதற்கு மாறாகவும் நடக்கும். 2018ஆம் ஆண்டில் நிஃப்டி 50 சுமார் 3 விழுக்காடு உயர்ந்தது. அதே ஆண்டில் சிறு நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி ஸ்மால்கேப் 100 சுமார் 29 விழுக்காடு சரிந்தது. சிறு நிறுவனப் பங்குகளை மட்டும் வைத்திருந்தவர்கள், சந்தை ஏறியது என்ற செய்தியைப் படித்துக்கொண்டே பணத்தை இழந்தார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குறியீடு தன் உறுப்பினர்களை மாற்றிக்கொள்ளும். 2009 சனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளிவந்ததும் சத்யம் கம்ப்யூட்டர் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. சில நாட்களில் அந்நிறுவனம் இரு குறியீடுகளிலிருந்தும் நீக்கப்பட்டு, வேறு நிறுவனங்கள் சேர்க்கப்பட்டன. குறியீடு பின்னர் மீண்டெழுந்தது. சத்யம் பங்கை மட்டும் வைத்திருந்தவருக்கு அந்த மீட்சி கிடைக்கவில்லை. 'சந்தை எப்படியும் மீளும்' என்று சொல்பவர்கள் குறியீட்டைச் சொல்கிறார்களா, தனிப் பங்கைச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மொத்தச் சேமிப்பில் எவ்வளவு பங்கு?

ஒரு குடும்பத்தின் சேமிப்பு 10 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். அதில் 5 லட்சம் வைப்பு நிதியிலும், 2 லட்சம் தங்கத்திலும், 3 லட்சம் குறியீட்டைப் பின்பற்றும் பரஸ்பர நிதியிலும் உள்ளன. குறியீடு 10 விழுக்காடு சரிந்தால் நிதியில் 30,000 ரூபாய் குறையும். தங்க விலை மாறாதிருந்தால் மொத்தச் சேமிப்பில் இது 3 விழுக்காடுதான். இதே குடும்பம் 10 லட்சத்தையும் பங்குகளில் போட்டிருந்தால் இழப்பு ஒரு லட்சம்.

வீழ்ச்சிக்குப் பிந்தைய மீட்சியின் கணக்கும் நேர்க்கோட்டில் செல்வதில்லை. 20 விழுக்காடு இழந்தால் பழைய நிலைக்கு வர 25 விழுக்காடு ஏற வேண்டும். 50 விழுக்காடு இழந்தால் 100 விழுக்காடு ஏற வேண்டும்.

மாதந்தோறும் போடுபவர், எடுப்பவர்

எஸ்.ஐ.பி. முறையில் மாதம் 1,000 ரூபாய் போடுபவருக்கு, ஒரு அலகு 50 ரூபாயாக இருக்கும்போது 20 அலகுகளும், 40 ரூபாயாக இறங்கும்போது 25 அலகுகளும் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு 45 அலகுகள், அதாவது சராசரி விலை 44 ரூபாய் 44 காசு. இதனால் 'சரிவு நல்லது' என்று முகவர்கள் சொல்வது வழக்கம். புதிதாகத் தொடங்கியவருக்கு அது பொருந்தும். பல ஆண்டுகள் போட்டு 5 லட்சம் சேர்த்துவிட்டவரின் நிலை வேறு. 20 விழுக்காடு சரிவில் அவருடைய பழைய சேமிப்பு ஒரு லட்சம் குறைகிறது. அந்த மாதம் போடும் 3,000 ரூபாய்க்கோ பழைய விலையில் 3,750 ரூபாய் பெறுமான அலகுகள் கிடைக்கின்றன. 750 ரூபாய் ஆதாயம் ஒரு லட்சத்தை ஈடுகட்டாது.

பணம் எடுக்கும் நிலையில் உள்ள ஓய்வுபெற்றோரையே குறியீட்டுச் சரிவு கடுமையாகத் தாக்குகிறது. இருவரிடம் தலா 10 லட்சம் குறியீட்டு நிதியில் இருக்கிறது என்க. குறியீடு 40 விழுக்காடு சரிகிறது. இருவரிடமும் 6 லட்சம். ஒருவர் தொடாமல் விடுகிறார். மற்றவர் வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் 1 லட்சத்து 20 ஆயிரம் எடுக்கிறார். அவரிடம் மீதி 4 லட்சத்து 80 ஆயிரம். பிறகு குறியீடு பழைய உயரத்துக்கே திரும்புகிறது. முதலாமவரிடம் மீண்டும் 10 லட்சம், இரண்டாமவரிடம் 8 லட்சம். எடுத்தது 1 லட்சத்து 20 ஆயிரம், குறைந்தது 2 லட்சம். குறியீட்டின் படத்தில் எந்த இழப்பும் தெரியாது.

இதைத் தவிர்க்க, அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கான செலவுத் தொகையைப் பங்குகளில் வைக்காமல், வங்கி வைப்பு நிதி, அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றில் வைப்பதே பாதுகாப்பானது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ திருமணத்துக்கோ சேர்த்த பணமும் அப்படியே. தேவைப்படும் நாள் நெருங்கும்போது, சந்தை நல்ல உயரத்தில் இருந்தாலும், அதைச் சிறிது சிறிதாக வைப்பு நிதிக்கு மாற்றிவிட வேண்டும்.