டாஷ்ஹண்டின் முதுகில் என்ன கோளாறு?

டாஷ்ஹண்ட் நாயைப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட உடல், தரையை உரசுவது போன்ற வயிறு, யாரோ பாதியில் வெட்டிவிட்டது போன்ற கால்கள். 1972-இல் ம்யூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்த நாயைத்தான் 'வால்டி' என்ற பெயரில் சின்னமாக வைத்தார்கள்.

ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர், 'ஹுண்ட்' என்றால் நாய். பேட்ஜர் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் விலங்கு. பலமான நகங்களும் பற்களும் உடையது. அந்த வளைக்குள் புகுந்து அதனை எதிர்த்து நிற்பதற்காகவே ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் பல தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த இனம் இது. இன்று வீட்டில் இதன் மீது சொல்லப்படும் குற்றங்கள் எல்லாம் அன்று அதன் தகுதிகள். தோட்டத்தில் குழி பறிக்கிறதா? அதுதான் அதன் தொழில். ஓயாமல் குரைக்கிறதா? பூமிக்கு அடியில் நாய் எங்கே இருக்கிறது என்பதை மேலே நிற்பவர் அதன் குரலைக் கொண்டுதான் அறிய முடியும். சொல்பேச்சுக் கேட்பதில்லையா? இருட்டு வளைக்குள் கட்டளையிட எஜமானர் ஏது? தானே முடிவெடுக்கும் நாய்தான் அங்கே பிழைக்கும். அயலார் மீது பாய்வதிலும் இந்த இனம் முன்வரிசையில் நிற்பதாக, நாய் வளர்ப்பவர்களைக் கேட்டு நடத்திய ஓர் ஆய்வு 2008-இல் தெரிவித்தது.

ஆனால் எல்லாக் கடியும் பிறவிக் குணமன்று. எங்கள் பக்கத்து வீட்டில் ஐந்து வயதான டாஷ்ஹண்ட் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அது மாடிப்படி ஏற மறுத்தது. தூக்கப் போன பையனின் கையைக் கவ்வியது. "திமிர் ஏறிப் போச்சு, சார்" என்று வீட்டுக்காரர் அதட்டி மூலையில் கட்டிப் போட்டார். நான்காம் நாள் காலையில் அதன் பின்னங்கால்கள் இரண்டும் தரையில் இழுபட்டன.

நான் இயற்பியல் கற்பிப்பவன். உடனே பாலத்தை உதாரணம் காட்டி அவருக்கு விளக்கம் சொன்னேன். இரண்டு தூண்களுக்கு இடையே தூரம் கூடினால் மேலே உள்ள உத்தரம் தொய்யும் அல்லவா? நீண்ட முதுகும் அப்படித்தான் என்றேன். மறுநாள் எங்கள் கல்லூரி விலங்கியல் ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் முதுகு நீளமில்லாத பீகிள் நாய்க்கு ஏன் இதே நோய் வருகிறது? உயரமான கிரேஹவுண்டுக்கு ஏன் அபூர்வமாக வருகிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் டாஷ்ஹண்டுக்கு முள்ளெலும்பு ஒன்றுகூட அதிகம் இல்லை. கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என்று மற்ற நாய்களுக்கு உள்ளவையே இதற்கும் உள்ளன. நாய் நீளமானதன்று, குட்டையானது! கோளாறு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் இடைத்தட்டுகளில் இருக்கிறது.

இடைத்தட்டின் வெளிப்பக்கம் உறுதியான நார் வளையம். உள்ளே இளநுங்கு போன்ற, நீர் நிறைந்த கூழ். பாஸ்கல் விதியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள்: அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். அந்தக் கூழ் செய்யும் வேலையும் இதுவே. நுங்கு முற்றினால் என்ன ஆகும்? கல்லாகிவிடும். பெரும்பாலான நாய்களுக்கு முதுமையில் மெல்ல வரும் மாற்றம் டாஷ்ஹண்டுக்கு முதல் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. கூழ் வறண்டு, அதில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. திண்மப் பொருளுக்குப் பாஸ்கல் விதி பொருந்தாது. ஆகவே பளு ஓரிடத்தில் குவிகிறது; நார் வளையம் கிழிகிறது. வளையம் மெலிந்திருப்பது மேற்புறத்தில். அதற்கு மேலேதான் தண்டுவடம் செல்கிறது. பிதுங்கிய பொருள் அதனை நசுக்கினால் பின்னங்கால்கள் விழுந்துவிடும். டாஷ்ஹண்டுகளில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொல்லை வருகிறது.

இதற்குக் காரணம் என்ன? எஃப்.ஜி.எஃப்.4 என்ற ஜீன் வளர்ச்சிக்குரிய ஒரு புரதத்தைத் தருகிறது. எப்போதோ ஒரு நாயின் உடலில் அந்த ஜீனின் நகல் ஒன்று தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. 18-ஆம் குரோமோசோமில் உள்ள நகலை 2009-இலும், 12-ஆம் குரோமோசோமில் உள்ள நகலை 2017-இலும் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். இரண்டுமே குருத்தெலும்பின் வளர்ச்சியைக் குலைத்துக் கால்களைக் குட்டையாக்குகின்றன. ஆனால் 12-ஆம் குரோமோசோமில் உள்ளது இடைத்தட்டையும் சுண்ணாம்பாக்குகிறது. நம்மைச் சிரிக்க வைக்கும் காலும் நாயை முடக்கும் நோயும் ஒரே வேரில் முளைத்தவை.

இனி, சோபாவிலிருந்து குதிப்பதைப் பற்றி. 9 கிலோகிராம் எடையுள்ள நாய் 50 செ.மீ. உயரத்திலிருந்து குதிக்கிறது என்று கொள்வோம். தரையைத் தொட்டபின் கால்கள் 10 செ.மீ. மடங்கி அதிர்ச்சியைத் தாங்கினால், தரை தரும் சராசரி விசை உடல் எடையைப் போல் 6 மடங்கு. குட்டைக் கால்கள் 5 செ.மீ. மட்டுமே மடங்கினால் 11 மடங்கு, அதாவது 99 கிலோகிராம் எடைக்குச் சமம். (சரிதானா என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நாயைக் கட்டிப் போட்டே வளர்க்கலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 2015-இல் பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாஷ்ஹண்டுகளைப் பற்றித் திரட்டிய விவரங்களில், அதிகம் நடமாடிய நாய்களுக்கு இந்நோய் குறைவாகவே இருந்தது; நாற்காலி, சோபாவில் ஏறி இறங்க விடப்பட்டவற்றுக்கும் அப்படியே. முன்பே முதுகுவலி வந்த நாய்களைத்தான் குதிக்க விடாமல் தடுத்தார்களோ என்னவோ! எது காரணம், எது விளைவு என்று இத்தகைய விவரங்களிலிருந்து பிரித்தறிவது கடினம். எப்படியாயினும் நல்ல தசையும் குறைந்த கொழுப்பும் முதுகுக்குத் துணை. இந்த நாய்க்கோ பசி அதிகம். நாம் இரங்கிப் போடும் பிஸ்கோத்துகள் எல்லாம் வயிற்றில்தான் சேரும்.

தூக்கும்போது ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுங்கள். முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னங்கால்களைப் பிடித்துத் தொங்க விடுவது பெருந்தவறு. விளையாட்டுப் பிள்ளையான நாய் திடீரென்று படி ஏற மறுத்தாலும், முதுகைக் கூனி நின்றாலும், தொட்டால் வீரிட்டாலும், கடிக்க வந்தாலும் வலி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு. நடை தள்ளாடினால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். கால் விழுந்த பின்னும், விரலை அழுத்திக் கிள்ளினால் நாய்க்கு வலி தெரிகிறதா என்று அவர் பார்ப்பார். வலி தெரிந்தால் அறுவை சிகிச்சையால் பெரும்பாலானவை மீண்டும் நடக்கின்றன. அதுவும் அற்றுப்போயிருந்தால் ஏறக்குறைய பாதிதான் தேறுகின்றன.

பக்கத்து வீட்டு நாய்க்கு வலி தெரிந்தது. அறுவைக்கு வசதியில்லாததால் அதனை ஒரு மரக்கூண்டில் அசையாமல் வைத்தார்கள். நான்கு வாரங்கள் அந்தப் பையன்தான் அதற்குச் சோறும் நீரும் வைத்தான்; துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து வெளியே அழைத்துப் போய் வந்தான். இப்போது இடுப்பு சற்று ஆடினாலும் நடக்கிறது. தபால்காரரைக் கண்டால் குரைக்கவும் செய்கிறது.

டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த 12-ஆம் குரோமோசோம் நகலைச் சுமப்பதால், அதனை ஒரேயடியாக விலக்கினால் வளர்க்க நாயே மிஞ்சாது. டென்மார்க், பின்லாந்து முதலிய நாடுகளில் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். இரண்டு முதல் நான்கு வயதுக்குள் முதுகை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துச் சுண்ணாம்பு படிந்த இடைத்தட்டுகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தவற்றையே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே குட்டி வாங்கப் போகிறவர் தாய் நாயின் நிறத்தோடு இந்த எண்ணிக்கையையும் கேட்டறியலாம்.